மஞ்சள் மருந்தும் சண்டை நேரமும்

என் மனைவி கோகிலாவின் இடது கண் பிழைத்தது என் வாயால்தான் என்று சில நாட்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். காங்கேயத்தில் எங்கள் தெருவில் இன்னமும் அப்படித்தான் பேச்சு. "லோகநாதன் வாய் இருக்குதே, அது சீக்கையே தொரத்தி உட்ருச்சு" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. கிடைக்கிற பேரை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். கிணற்று மோட்டார், போர் மோட்டார் எது எரிந்தாலும் என் பட்டறைக்கு வரும். கோகிலா தனியாக ஒரு களம் நடத்துகிறாள். தேங்காய் மட்டையில் நார் எடுத்தபிறகு மிஞ்சும் தூளைக் காயவைத்து, கட்டியாக அழுத்தி விற்கிற களம். அந்தத் தூளில்தான் பூஞ்சை இருந்தது. முதலில் மூக்கடைப்பு. பிறகு கன்னத்தில் வலி. பல்வலி என்று நினைத்து ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். இமை தொங்க ஆரம்பித்த பிறகுதான் கோயமுத்தூருக்கு ஓடினோம்.

பெரிய ஆஸ்பத்திரி. பூஞ்சைக்கென்றே ஒரு மாடி. அந்த மாடிக்கு டாக்டர் ரெஹானா பொறுப்பு. சின்ன வயசுதான், ஆனால் நாம் கேட்பதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்குகிற ஆள்.

"பூஞ்சை காலங்காலமா இருக்கறதுதானுங்க. நம்ம ஒடம்புச் சூடு அதுக்கு ஆகாது, அதனால நம்மள விட்டு வெச்சிருந்துச்சு. இப்ப வெயில் வருசா வருசம் ஏறுதில்லைங்களா, அதுவும் சூட்டுக்குப் பழகிருச்சு. அக்காவுக்கு மூக்குல இருந்து கண்ணுக்குப் பின்னால வரைக்கும் வந்திருக்குது. நரம்பைத் தொட்டுட்டா கண்ணை எடுக்கற மாதிரி ஆயிரும்."

"மருந்து இல்லீங்களா?"

"இருக்குது. நரம்பு வழியா சொட்டு சொட்டா ஏத்தற மருந்து. தினம் ஒரு பை, முழுசா உள்ள போகோணும். அதுலதான் சிக்கல். அந்த மருந்து போகப்போக குளிர் நடுக்கம் வரும், ரத்த அழுத்தம் சரசரன்னு எறங்கும். சிலருக்கு ஏறும். அக்காவுக்கு எறங்குது."

"அழுத்தத்த ஏத்தறதுக்கு ஒரு ஊசி போட்டுட்டா?"

"போடலாம். அதுவும் இதுவும் சேந்தா சிறுநீரகம் தாங்காதுங்க. ஏற்கனவே இந்த மருந்தே அதைப் படுத்தற பாடு போதாதா?"

மருந்தைப் பார்த்தேன். மஞ்சள் நிறம். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடுமாம், பையின்மேல் கறுப்பு உறை போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பையிலிருந்து இறங்கும் குழாய் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் வெளியே வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அதற்கு 'நிதானி' என்று பேர். கோகிலாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை. நெஞ்சு ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அழுத்தம் எவ்வளவு என்று பட்டை சொல்லும், நிதானி அதைக் கேட்டுச் சொட்டைக் கூட்டும், குறைக்கும். முன்பெல்லாம் நர்ஸ்கள் பக்கத்தில் நின்று கையால் திருகுவார்களாம். அசந்த நேரத்தில் ஆள் மயங்கிப் போவதும் உண்டாம். நிதானி வந்தபிறகு ஒருவர்கூட மயங்கியதில்லை. ஆனால் சொட்டு குறைந்தால் பை காலியாகாது. கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைக்கவும் முடியாது. மிச்ச மருந்து குப்பைக்குப் போகும், மிச்சப் பூஞ்சை கண்ணை நோக்கிப் போகும்.

"ஓல்டேஜ் கொறஞ்சா மோட்டாரக் காப்பாத்த ரிலே ஆப் பண்ணிரும். மோட்டார் எரியாது, தோட்டங்காட்டுக்குத் தண்ணியும் போவாது. அப்படித்தானுங்களே?" என்றேன்.

"அதேதானுங்க," என்று சிரித்தார் டாக்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் நாட்களில் ஒரு பை கூட முழுசாக இறங்கவில்லை. மருந்து ஏறும்போது கூட இருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதி. நான் காலையில் பட்டறையைத் திறந்துவிட்டு, மத்தியானம் பஸ் ஏறி, மாடியில் லிப்டுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் நடுங்குகிற சத்தம் கட்டில் கம்பி வழியாக வெளியே வரை கேட்கும். நான் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். மருந்து உடம்பிலிருக்கிற உப்புச்சத்தையெல்லாம் இழுத்துவிடும், பழம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். பாதிப் பழம் நானே தின்றிருப்பேன், பயத்தில்.

ஒருநாள் அவளுடைய போன் சார்ஜர் என் பையிலேயே தங்கிவிட்டது. சார்ஜர் கொடுப்பது விதியை மீறுவதாகாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வார்டுக்குள் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டித் தூசி போக்கிவிட்டு உள்ளே நுழைந்தேன். இந்தச் செருப்புத் தட்டலுக்குக் கல்யாணமானதிலிருந்து திட்டு வாங்குகிறேன். வாசலில் தட்டினால் தூசி வீட்டுக்குள்தான் வரும் என்பது கோகிலாவின் கட்சி.

கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"ஆஸ்பத்திரீல வந்துமுங்களா செருப்பத் தட்டறது?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"தூசி இருந்துச்சு புள்ள."

"களத்துல தூளுக்குத் தார்ப்பாய் போட்டீங்களா? காங்கேயத்துல நல்ல மழைன்னாங்க."

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வரவில்லை. "மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களாக்கும்." கண் திறந்துவிட்டது. "ரொம்ப சந்தோசமுங்க. நல்லாருங்க. நான் ரெண்டு வாரமா காய வெச்சதுங்க அது. பட்டறைல எவன் மோட்டாரோ எரிஞ்சா நடுராத்திரீல கூட ஓடுவீங்க. பொண்டாட்டி தூளு நனைஞ்சா என்னங்கறேன்?"

எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வெளியூர்க்காரர் கேட்டால் விருந்துக்கு அழைக்கிறாள் என்று நினைப்பார். நானும் விடவில்லை. தார்ப்பாயே கிழிந்திருக்கிறது, வாங்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் என்றேன். அவள் அதற்கொன்று சொன்னாள். என்னை வெளியே துரத்த வந்த நர்ஸ் ஜெனிட்டா பாதி வழியில் நின்று நிதானியைப் பார்த்தாள். அதில் அழுத்த எண் மேலே ஏறியிருந்தது. நின்றுபோன சொட்டு மறுபடி விழுந்துகொண்டிருந்தது.

ஜெனிட்டா நாகர்கோவில்காரி. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டாக்டர் ரெஹானா எண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்ன பண்ணினீங்க?"

"சண்டைங்க," என்றேன் தலையைச் சொறிந்துகொண்டு.

"சண்டையா போட்டிய? நான் கொஞ்சிட்டு இருக்கியன்னுல்லா நெனச்சேன்!" என்றாள் ஜெனிட்டா.

"நிறுத்தாதீங்க," என்றார் டாக்டர்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பை காலியானது.

அதற்குப் பிறகு நான் வார்டில் பெரிய மனுசன். தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு எனக்கு மட்டும் உள்ளே அனுமதி. காங்கேயத்தில் பஸ் ஏறும்போதே அன்றைய சண்டைக்கு விஷயம் தேட ஆரம்பிப்பேன். முப்பது வருசக் குடும்பத்தில் சரக்குக்குப் பஞ்சமா? அவளுடைய அக்கா வீட்டு நோம்பி விருந்தில் சந்தகை இடியாப்பம் கம்பி மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னது. அவளைக் கேட்காமல் அவளுடைய பழைய மொபெட்டை என் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்தது. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அவளை விட்டுவிட்டு நான் மட்டும் பஸ் ஏறிப் போனது.

அந்தப் பல்லடம் சண்டையில்தான் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க, குறுக்க பேசறேன்னு நெனைக்காதீங்க. டிக்கெட்டு ரெண்டு எடுத்தீங்களா, ஒண்ணு எடுத்தீங்களா?"

திரையை விலக்கினேன். ஒல்லியான பெரியவர். ஆறுச்சாமி என்று பேர், தாராபுரம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் அதே பூஞ்சை, அதே மஞ்சள் மருந்து.

"ரெண்டுதானுங்க எடுத்தேன்."

"அப்ப கண்டக்டரு மேலயும் தப்பு இருக்குதுங்க. விசிலடிக்கறதுக்கு முன்னால தலைய எண்ணியிருக்கோணும்."

"ரெண்டு டிக்கெட்ட கையில வெச்சுக்கிட்டு சூலூரு வரைக்கும் தெரியலியாமுங்க இவிகளுக்கு, பக்கத்துல ஆளில்லைன்னு!" என்றாள் கோகிலா.

"அது நாயமில்லீங்க," என்றார் ஆறுச்சாமி என்னைப் பார்த்து. அன்றிலிருந்து அவர் எல்லாச் சண்டையிலும் அவள் கட்சி. அவரைப் பார்க்க யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

கோகிலாவின் கதை மாடி முழுக்கப் பரவி, நிதானி செய்த கம்பெனி வரைக்கும் போய்விட்டது. அவர்கள் ஆள் அனுப்பி எல்லாப் பெட்டிக்கும் ஒரு காது வைத்தார்கள். எந்தப் பேச்சுக்கு யாருக்கு அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, கூட இருப்பவரின் போனுக்கு யோசனை அனுப்பும். இதற்குக் 'குரல்வழித் தூண்டல்' என்று சுவரில் ஒட்டினார்கள். மாடியில் எல்லோரும் சண்டை நேரம் என்றே சொன்னார்கள். விதியைத் தளர்த்தி எல்லாக் குடும்பத்தையும் அந்த நேரத்துக்கு உள்ளே விட்டார்கள்.

ஆரம்பத்தில் தமாஷாகத்தான் இருந்தது. என் போனில் 'சந்தகை பற்றிப் பேசவும்' என்று வரும். நானும் பேசுவேன். வரவர எனக்கு அது பிடிக்காமல் போனது. கடைசிக் கட்டிலில் திருப்பூர் அம்மா ஒருத்தர் இருந்தார். தம்பிதான் துணைக்கு. அப்பா சாகும்போது யார் பக்கத்தில் இல்லை என்கிற பேச்சை எடுக்கச் சொல்லி நிதானி அந்தத் தம்பிக்குச் சொல்லியிருக்கிறது. எடுத்தான். அழுத்தம் ஏறியது, மருந்து ஓடியது, பூஞ்சை போயே போய்விட்டது. வீட்டுக்குப் போகிற அன்று அக்கா ஒரு ஆட்டோவிலும் தம்பி ஒரு ஆட்டோவிலும் போனார்கள். லிப்டில்கூடச் சேர்ந்து இறங்கவில்லை.

"டாக்டர், இது நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்காங்க. நான் அதைத்தான் பாக்கோணும்," என்றார் ரெஹானா. சொல்லிவிட்டு அந்தக் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கும் முக்கியமான கட்டம் வந்தது. புதிதாகப் படம் எடுத்ததில் பூஞ்சை நரம்பை நெருங்கி, நக அகலம்தான் மிச்சமிருந்தது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். இந்த வாரம் ஒரு பைகூட மிச்சமாகக் கூடாது, மிச்சமானால் கண்ணை எடுப்பதைப் பற்றித்தான் அடுத்துப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து கூடியதால் அழுத்தமும் முன்னைவிட மோசமாக இறங்கியது. என்னிடமோ சரக்குத் தீர்ந்திருந்தது. சந்தகை, மொபெட், பல்லடம் எல்லாம் நைந்துபோய்விட்டன. பஸ்ஸில் உட்கார்ந்து முட்டி முட்டி யோசித்தேன். இத்தனை வருசத்தில் இன்னும் கொஞ்சம் தப்புச் செய்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

லிப்டை விட்டு வெளியே வரும்போது போன் அதிர்ந்தது. நிதானியின் யோசனை. 'நோயாளியின் அழுத்தம் மிகக் குறைவு. வீட்டு விட்டத்திலுள்ள கொக்கி பற்றிப் பேசவும். எதிர்பார்க்கும் ஏற்றம்: மிக அதிகம்.'

இன்னொரு முறை படித்தேன்.

எங்கள் படுக்கையறை விட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. தொட்டில் கட்டுவதற்காக நானே வெல்டிங் வைத்து மாட்டியது. பெண் குழந்தை. பிறந்தது, அழவில்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவன் கொக்கியைக் கழற்றட்டுமா என்று கேட்பான். அதுக்கும் சேத்து அடிச்சிரு தம்பி என்று கோகிலா சொல்வாள். அவ்வளவுதான். முந்தின வாரம் சண்டை நேரத்தில் ஒறம்பரையாகப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருத்தர், உங்க வீட்டு விட்டத்துல அந்தக் கொக்கி சும்மாதானே கிடக்குது, ஒரு பேன் மாட்டலாமே என்று போகிற போக்கில் சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். நிதானி எண்ணைப் பார்த்திருக்கிறது.

லிப்டுக்கும் வார்டு வாசலுக்கும் நடுவே நின்று யோசித்தேன். கண் பெரிசா, பேசாமல் விட்டது பெரிசா? ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் மருந்து ஓடும், கண் இருக்கும். பிறகு அந்தக் கண்ணால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? திருப்பூர்த் தம்பி ஆட்டோவுக்குள் குனிந்து ஏறியது ஞாபகம் வந்தது. என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அவள் கண் போனாலும் என்னால் முடியாது. அதை நினைக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. போனை அணைத்துப் பையின் அடியில் வாழைப்பழத்துக்குக் கீழே போட்டேன். செருப்பைக் கழற்றித் தட்டினேன். உள்ளே போனேன்.

அவள் கண்ணை மூடியிருந்தாள். நிதானியைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஸ்டூலை அதற்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள்.

"இல்ல புள்ள."

"ஏதாச்சும் யோசிச்சுப் பாருங்க."

"ஒண்ணும் தோணல."

"சரி, சும்மா உக்காருங்க."

சும்மா உட்கார்ந்தேன். போர்வைக்கு வெளியே அவள் பாதம் தெரிந்தது. சில்லென்றிருந்தது. பிடித்துக்கொண்டேன். எங்கள் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும். அவள் கண்ணை நானே கொன்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபடியே அவள் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போனதே தெரியவில்லை.

அழுத்தம் அடியோடு இறங்கினால் கூவுகிற நிதானி திடீரென்று கூவியது. ஜெனிட்டா ஓடி வந்தாள். நான் எழுந்துகொண்டேன், எல்லாம் முடிந்தது என்று. அவள் எங்களைத் தாண்டி, திரையை விலக்கி, ஆறுச்சாமியிடம் போனாள். கூவியது அவருடைய பெட்டி. மெதுவாகத் தலையைத் திருப்பி எங்கள் பெட்டியைப் பார்த்தேன். கறுப்பு உறைக்குள் பை ஒட்டிப்போயிருந்தது. கடைசிச் சொட்டுவரை இறங்கியிருந்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பக்கத்துக் கட்டிலிலிருந்து ஆறுச்சாமியின் குரல் மெலிந்து வந்தது.

"ஏனுங்க... இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் எதும் பேசிக்கலீங்களா?"

அவர் குரல் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கோகிலா என்னைப் பார்த்தாள், அவர் திரையைப் பார்த்தாள். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, அந்தக் கிழிஞ்ச தார்ப்பாய மாத்துனீங்களா இல்லீங்களா?" என்றாள் சத்தமாக.

"மாத்தல," என்றேன். மாற்றியிருந்தேன்.

"நல்லா கேளுங்கம்மா," என்றார் ஆறுச்சாமி. கொஞ்ச நேரத்தில் அவருடைய பெட்டி அடங்கியது.

மறுநாள் டாக்டர் ரெஹானா என்னைக் கூப்பிட்டு, சுவர்த்திரையில் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டினார். கோகிலாவின் எல்லா நாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். என் போனில் வந்த யோசனையையும் அதற்குள் நான் அவரிடம் காட்டியிருந்தேன். அதைப் படித்தபோது அவர் முகம் போன போக்கை நான் சொல்ல விரும்பவில்லை. அன்றே கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, எல்லாப் பெட்டியின் காதையும் எடுக்கச் செய்துவிட்டார்.

"இந்தப் பெட்டிக்குப் பேச்சு மட்டுந்தான் காரணமாத் தெரியும். பேச்சு ஆரம்பிச்ச நிமிசத்துல இருந்துதான் அது பாக்கும். நானும் அப்படியே நம்பிட்டேன். நேத்துத்தான் பேச்சுக்கு முந்தின நேரத்தையும் பாத்தேன்," என்றார். "இங்க பாருங்க. இதுதான் நீங்க பேச ஆரம்பிச்ச எடம். ஆனா கோடு எங்க ஏறுது?"

அதற்கு முன்பே ஏறியிருந்தது. எல்லா நாளும்.

"பேசறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டனுங்க. வருவேன். செருப்பக் கழட்டுவேன்..."

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. செருப்பைத் தட்டுகிற சத்தம். அந்த நீள வராந்தாவில் அது கட்டில் வரைக்கும் நன்றாகவே கேட்கும்.

"அவ்வளவுதானுங்க விசயம்," என்றார் டாக்டர். "நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சா போதும். சண்டை எல்லாம் அதுக்கு மேல எச்சுத்தான், தேவையே இல்ல."

"அப்ப ஆறுச்சாமி அண்ணனுக்கு?"

"அவருக்குத்தான் உங்க சண்டை. அதுவும் அவர் கோட்டுல அப்படியே தெரியுது. ஜனம் ஏறி எறங்கி, சத்தத்துலயே வாழ்ந்தவர். அந்தத் திரைக்குப் பின்னால தனியாக் கெடந்தா எப்படி இருக்கும்?"

மருந்து ஏறும்போது கூட யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கலாம், உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்த மாடியின் விதியை டாக்டர் மாற்றி எழுதினார். பேசுவதும் பேசாததும் அவரவர் இஷ்டம்.

அன்று மாலை கோகிலாவிடம் கேட்டேன். "உனக்குத் தெரியுமா புள்ள, சண்டை வேண்டாம்னு?"

"என்னுங்க அது?"

"நான் வந்து சும்மா உக்காந்தாவே போதும்னு."

வாழைப்பழத்தோலை உரித்தாள். "தெரியாமயா?" என்றாள்.

"அப்பறம் எதுக்கு தினமும் என்னைய அந்தத் திட்டுத் திட்டுன?"

"நீங்க பஸ்ல இருந்தே யோசிச்சுக்கிட்டு ஆசையா வந்தீங்க. சும்மா உட முடியுங்களா?" என்று பழத்தில் பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அந்த வார்டையே தூக்கிக்கொண்டு சுற்றியிருப்பேன். பழத்தை வாங்கித் தின்றேன். கொக்கியைப் பற்றி நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பூஞ்சை பின்வாங்கியது. இமை கொஞ்சம் தாழ்ந்தே நின்றுவிட்டது, ஆனால் கண் தப்பித்தது. பார்வையும் பத்திரம். என் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தால் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். வீட்டுக்கு வந்து, அரிசிம்பருப்புச் சாதம் வைத்து, களத்தைக் கூட்டி, முகமூடி போட்டுக்கொண்டு தூளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"கெளம்புங்க. ஆறுச்சாமி அண்ணனுக்கு இன்னும் மருந்து முடியல."

அப்படித்தான் மறுபடி கோயமுத்தூர் பஸ். வழியில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்பதிலேயே ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது. அதைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டோம். லிப்டில் ஏறி, வராந்தா முழுக்க நடந்து, வார்டு வாசலுக்கு வந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டி தாழ்ந்த குரலில் கூவத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியாயிற்றே, அவளும் பக்கத்தில் நிற்கிறாளே என்று நான் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாக வைத்தேன்.

கோகிலா குனிந்து அந்தச் செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லாத் தட்டுங்க," என்றாள். "அண்ணனுக்குக் கேக்கோணும்."